ரெண்டு பேருக்கு எத்தனை கைப்பிடி?

கல்யாணமாகி மேடவாக்கத்தில் வீடு பிடித்து வந்த முதல் திங்கட்கிழமை நான் வைத்த சாம்பாரை வியாழக்கிழமை ராத்திரி வரை சாப்பிட்டோம். திங்கள் சோற்றோடு, செவ்வாய் இட்லியோடு, புதன் மறுபடியும் சோற்றோடு. வியாழனன்று அதில் கொஞ்சம் புளித்தண்ணீரும் மிளகுப் பொடியும் சேர்த்து, ஒரு தாளிப்பும் போட்டு, ரசம் என்று சொல்லிப் பரிமாறினேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம திங்கக்கிழமை சாம்பார்தானே?" என்றார். கண்டுபிடித்துவிட்டாரே என்று கோபம்தான் வந்தது.

எனக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஏழு பேர். பிளஸ் டூ லீவிலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அடுப்படி என் கையில்தான். மீன் குழம்பு, சொதி, அவியல் எல்லாம் வரும். ஆனால் எனக்கு வந்ததெல்லாம் ஏழு பேருக்கான சமையல். பருப்பு டப்பாவுக்குள் கை போனால் தானாக ஏழு பேருக்கு அள்ளிக்கொண்டு வெளியே வரும். குறைத்து அள்ளினால் ஏதோ கஞ்சத்தனம் பண்ணுகிற மாதிரி மனசு உறுத்தி, இன்னும் கொஞ்சம் போட்டுவிடுவேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எம்மா, ரெண்டு பேருக்கு எவ்வளவு பருப்பு போடணும்?"

"ஒரு சிறங்கை போடுட்டி."

"சிறங்கைன்னா எவ்வளவு?"

"சிறங்கைன்னா சிறங்கைதான். உனக்குக் கை இல்லையா?"

மாமியாருக்குப் போன் போட்டேன். இவருக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். அத்தை பொறுமையாகத்தான் சொன்னார்: "ரெண்டு பேர்த்துக்கு என்ன கண்ணு, அரை டம்ளர் போதும்." எந்த டம்ளர் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பார்த்தால், அவர்கள் வீட்டு டம்ளர் ஒன்றுக்குள் எங்கள் வீட்டு டம்ளர் இரண்டு உட்கார்ந்துகொள்ளும்.

ஏழு பேர் அளவை மூன்றரையால் வகுத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி வகுத்து முதலில் கெட்டது அரிசிம்பருப்புச் சாதம். கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு அது உயிர். துவரம்பருப்பு, அரிசி, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு எல்லாம் ஒரே குக்கரில் போட்டு வேகவைத்து, மேலே நெய் ஊற்றிச் சாப்பிடுவது. அத்தை சொன்ன அளவைச் சரியாக வகுத்து, தண்ணீரையும் அதே கணக்கில் வகுத்து, கல்யாணத்துக்கு வந்த 5 லிட்டர் குக்கரில் வைத்தேன். அடி பிடித்து, மேலே அரிசி நறுக் நறுக்கென்று நின்றது.

காரணம் புரிய ஒரு மாதம் ஆனது. குக்கரில் விசிலோடு ஆவியாகப் போகிற தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவுதான். உள்ளே ஏழு பேருக்கான அரிசி இருக்கிறதா, ரெண்டு பேருக்கான அரிசி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அரிசி குறையக் குறைய, போகிற அந்தத் தண்ணீரின் பங்கு பெரிதாகிவிடும். அதனால் கொஞ்சமாகச் சமைக்கும்போது தண்ணீர் விகிதத்தைக் கூட்ட வேண்டும், பாத்திரத்தைச் சின்னதாக்க வேண்டும். ஒரு 3 லிட்டர் குக்கர் வாங்கினோம். கல்யாணச் சீராகவும் மொய்யாகவும் வந்த 5 லிட்டர் குக்கர்கள் இரண்டும் அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போயின. இப்போது எங்கள் அளவு இது: 150 கிராம் அரிசி, 50 கிராம் துவரம்பருப்பு, 700 மில்லி தண்ணீர், மூன்று விசில். குழைவாக, கரண்டியில் எடுத்தால் மெதுவாக விழுகிற பதத்தில் வரும். புது அரிசி என்றால் ஒரு 50 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள்.

கிராமும் மில்லியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அதற்குக் காரணம் கேக்.

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே டீ குடிப்பது என்றாலே பேக்கரிக்குப் போவதுதான். தெருமுனைக்கு ஒரு பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், பஃப்ஸ், ஹனி கேக். இவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் அதைத் தின்று வளர்ந்தவர். சென்னைக்கு வந்தும் அந்த ஏக்கம் போகவில்லை. ஒருநாள் என்னிடம் கேட்காமலே 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஒன்றை, அதாவது கேக் வேகவைக்கிற கரண்ட் அடுப்பை, ஆர்டர் போட்டுவிட்டார். கூடவே 500 ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் தராசு. எனக்கு அடுப்பைப் பார்த்துக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை, தராசைப் பார்த்துத்தான் வந்தது. "நகைக்கடையா வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அடுப்பு வந்த அன்று அதை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடாகிவிட்டது. பெட்டியில் 1600 வாட் என்று போட்டிருந்தது. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 7 ஆம்பியர். சமையலறையில் இருந்ததெல்லாம் மிக்ஸிக்கான சின்ன பிளக், 6 ஆம்பியர். வாடகை வீட்டில் பெரிய பிளக் இருந்தது இரண்டே இடத்தில்: குளியலறையில் கீசருக்கு, படுக்கையறையில் ஏ.சி.க்கு. சின்ன பிளக்கில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று இவர் ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கையை வைத்துப் பார்த்தால் பிளக் கொதிக்கிறது. அதோடு விட்டோம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொள்கிறேன்: ஓ.டி.ஜி.யை 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், கன்வெர்ட்டர் வேண்டாம்.

அப்போது எங்களிடம் ஏ.சி. இல்லை. ஆகவே எட்டு மாதம் எங்கள் பேக்கரி படுக்கையறையில்தான் நடந்தது. என் பாட்டி கொடுத்த இரும்பு டிரங்குப் பெட்டியின் மேல் அடுப்பு, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, திரைச்சீலையைத் தூக்கிக் கட்டிவிட்டு. கேக் வேகும்போது கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த எட்டு மாதமும் எங்கள் தலையணைகளில் வெனிலா வாசனை. ஏப்ரல் வெக்கையில் அந்த அறைக்குள் 180 டிகிரியில் ஒரு பெட்டி எரிந்தால் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பின்னால் வீட்டு ஓனரிடம் கேட்டு, எங்கள் செலவிலேயே எலக்ட்ரீஷியனை வைத்து சமையலறைக்குத் தனி லைன் இழுத்துக்கொண்டோம்.

கரண்ட் பில் எகிறுமே என்று பயப்படுபவர்களுக்கு: 1600 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் 1.6 யூனிட். ஆனால் சூடு ஏறியதும் அது அணைந்து அணைந்துதான் எரியும். அதனால் ஒரு கேக்குக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

முதல் நான்கு கேக்கும் ஊற்றிக்கொண்டது. எல்லாமே 8 அங்குலத் தட்டுக்கான அளவு. ரெண்டு பேர் வீட்டில் 8 அங்குலக் கேக் வெந்தால் ஆறு நாளைக்குக் கேக்தான் டிபன். மூன்றாம் நாள் செங்கல் மாதிரி ஆகிவிடும். சரி, 6 அங்குலத் தட்டு வாங்கலாம், 8-க்கு 6 என்றால் முக்கால் பங்கு போட்டால் போதும் என்றேன் நான். இவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டத்தின் பரப்பு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறாறு முப்பத்தாறு, எட்டெட்டு அறுபத்து நாலு. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பத்தாவதில் படித்த கணக்கு வாழ்க்கையில் உதவியதை முதல்முறை பார்த்தேன். முக்கால் பங்கு மாவை ஊற்றிய என் கேக் தட்டைத் தாண்டி வழிந்து, அடுப்புக் கம்பியில் சொட்டிக் கருகியிருந்தது.

அப்புறம் நாங்கள் பிடித்துக்கொண்டது பழைய பவுண்டு கேக் கணக்கை. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நாலும் ஒரே எடை. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு போட்டதால் அந்தப் பெயர். எங்களுக்கு அது "நாலு நூறு": 100 கிராம் மைதா, 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இங்கே கடையில் கிடைக்கும் முட்டை இரண்டை உடைத்து ஊற்றினால் 90 கிராம் சில்லறைதான் வரும். குறைகிறதற்கு ஒரு ஸ்பூன் பால் விட்டுக்கொள்ளலாம். வெண்ணெய் உப்புப் போட்டதாக இருந்தால் தனியாக உப்பு வேண்டாம். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கி வரும்வரை அடிக்க வேண்டும், அதில் சோம்பல்பட்டால் கேக் அமுங்கிவிடும். 6 அங்குலத் தட்டு, 170 டிகிரி, முப்பது முப்பத்தைந்து நிமிடம்.

அந்த 170 டிகிரியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் கேக் எல்லாம் மேலே வெடித்து, ஓரம் கருகி, நடுவில் வேகாமல் இருந்தது. நான் மாவைச் சந்தேகப்பட்டேன், இவர் என்னைச் சந்தேகப்பட்டார். கடைசியில் அடுப்புக்குள் வைக்கிற ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தால், குமிழை 180-ல் வைத்தால் உள்ளே 205 காட்டுகிறது. அடுப்பின் மேல் பால்பாயின்ட் பேனாவால் "150 = 170" என்று எழுதி ஒட்டிவிட்டோம். ஓ.டி.ஜி. வாங்குகிறவர்கள் சிலிக்கான் கரண்டி, பட்டர் பேப்பர், பூப்போட்ட அச்சு என்று கண்டதையும் வாங்குவதற்கு முன் இந்தத் தெர்மாமீட்டரை வாங்குங்கள்.

மஞ்சள் கேக் கதையைச் சொல்லாமல் விட்டால் இவர் என்னைச் சும்மா விடமாட்டார். ஒருநாள் முட்டை இல்லாமல் தயிர் ஊற்றி ரவை கேக் போட்டேன். முட்டை இல்லையே, வெளிறிப் போய் இருக்கிறதே என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்தேன். நல்ல எலுமிச்சை நிறம். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று சமையல் சோடாவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு வேகவைத்தேன். வெட்டினால் உள்ளே செங்காவி நிறம். ரவைக்கு நடுவே சிவப்புத் திட்டுத் திட்டாக, ஏதோ காயம்பட்ட மாதிரி. குங்குமம் செய்கிற வித்தையேதான் இது, மஞ்சளில் காரம் பட்டால் சிவப்பாகும். தயிரின் புளிப்புக்கு மேல் சோடா மிஞ்சிப்போனதால் வந்த வினை. இவர் ஒரு துண்டில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தார். பட்ட இடமெல்லாம் கண்முன்னே மஞ்சளாகத் திரும்பியது. மீதிக் கேக்கைத் தின்ன முடியவில்லை, சோப்பு வாடை. அன்றிலிருந்து 100 கிராம் மாவுக்குத் தயிரோடு கால் டீஸ்பூன் சோடா, அதற்கு மேல் கிடையாது.

ஹனி கேக் சரியாக வந்த நாளில்தான் இவருக்கு நான் தராசை மன்னித்தேன். அதற்கு வெண்ணெய் வேண்டாம். இரண்டு முட்டையையும் 60 கிராம் சர்க்கரையையும் பத்து நிமிடம் பீட்டரால் அடித்தால் நுரைத்து மூன்று மடங்காகும். கரண்டியைத் தூக்கினால் விழுகிற கோடு சட்டென்று மறையாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். அதில் 60 கிராம் மைதாவைச் சலித்துத் தூவி, நுரை அமுங்காமல் கீழிருந்து மேலாகப் புரட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வேகவைக்க வேண்டும். 50 கிராம் சர்க்கரையை 75 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு கரண்டி தேன் கலந்து வைத்துக்கொண்டால் பாகு தயார். கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பல்குத்தும் குச்சியால் குத்திக் குத்திப் பாகை முழுவதும் ஊற்றலாம். பயந்து பாதியோடு நிறுத்தக் கூடாது. மேலே மிக்ஸட் ஃப்ரூட் ஜாமை லேசாகச் சூடாக்கித் தடவி, உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவிவிட்டால், அதே பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியின் ருசி. இவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க ஊர்ல இத பேப்பர்ல வெச்சுக் குடுப்பாங்க" என்றார். நான் தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

என் ஊர்ப் பலகாரமும் அடுப்பில் வெந்துதான் ஆக வேண்டும் அல்லவா? தூத்துக்குடி மக்ரூனில் சேருவது மூன்றே மூன்று: முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரிப் பொடி. சொல்லும்போது எளிது. கையில் வர ஆறு தடவை ஆனது. முதல் தடவை பசைபோல் ஒட்டியது, இரண்டாவது தடவை பழுப்பேறிவிட்டது. கிண்ணத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், வெள்ளையோடு ஒரு பொட்டு மஞ்சள் கரு கலந்தாலும் நுரை நிற்காது. 120 டிகிரிக்கு மேல் போகாமல் ஒன்றே கால் மணி நேரம் காயவிட்டு, அடுப்பை நிறுத்திய பிறகும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும் என்பது ஐந்தாவது தடவைதான் புரிந்தது. மழை நாளில் முயலவே கூடாது. வெளியே எடுத்த கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள், மேடவாக்கத்துக் காற்றில் அரை மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். கடை மக்ரூனின் கூம்பு வடிவம் எனக்கு இன்னும் வரவில்லை. மிஞ்சும் மஞ்சள் கருவை அடுத்த நாள் முட்டைப் பொரியலில் சேர்த்துவிடுவேன்.

பிரெட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 250 கிராம் மைதா, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 5 கிராம் உப்பு, 10 கிராம் சர்க்கரை, 160 மில்லி தண்ணீர், கடைசியில் 20 கிராம் வெண்ணெய். பாதி கோதுமை மாவு போட்டால் தண்ணீர் இன்னும் 25 மில்லி இழுக்கும். மாவு இரட்டிப்பாக ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர் ஊர்க்காரர்களுக்கு. சென்னையில் மே மாதம் நாற்பது நிமிடத்தில் பொங்கிவிடும். கடிகாரத்தை நம்பி விட்டுவிட்டால் சாராய வாடை அடிக்கும். பிசைவதற்கு ஃபிரிட்ஜ் தண்ணீரையே ஊற்றுங்கள், மாவைப் பார்த்து எடுங்கள்.

இப்படி வார இறுதியில் கேக்குக்காக மட்டும் வெளியே வந்துகொண்டிருந்த தராசு எப்போது சாம்பாருக்குள் நுழைந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இவருக்கு வேலை வீட்டிலிருந்து, எனக்கு வங்கியில் கவுண்டர். நான் வரத் தாமதமாகும் நாட்களில் அவர்தான் சமைக்க வேண்டும். "எவ்வளவு பருப்பு?" என்று போனில் கேட்டார். நான் வாடிக்கையாளருக்குப் பணம் எண்ணிக்கொண்டே, "ஒரு கை போடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது அப்படியே என் அம்மாவின் குரல் என்று உறைத்தது. அன்று ராத்திரி வந்து பார்த்தால் மறுபடியும் வியாழக்கிழமை வரை வரக்கூடிய சாம்பார். அவர் கை என் கையைவிடப் பெரிது.

அந்த வாரம் ஒரு பழைய டைரியை எடுத்தோம். நான் வழக்கம்போல் கையால் அள்ள வேண்டியது, கீழே தராசில் கிண்ணம், அவர் எழுதிக்கொள்ள வேண்டியது. சாப்பிட்ட பிறகு மிஞ்சியதா, பற்றவில்லையா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. ஒரு மாதத்தில் எங்கள் வீட்டு அளவு கிடைத்துவிட்டது. சோறு மட்டும் என்றால் ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி, ஞாயிறு மீன் குழம்பு என்றால் 200. சாம்பாருக்கு 50 கிராம் துவரம்பருப்பு, 10 கிராம் புளி, இரண்டு டீஸ்பூன் பொடி. அது மதியத்துக்கும் ராத்திரிக்கும் சரியாக வரும். உளுந்தஞ்சோற்றுக்கு 150 அரிசி, தொலி உளுந்து 75, பூண்டு பத்துப் பல், தேங்காய் கால் மூடி. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்துவிட்டுக் களைய வேண்டும், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இவருக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை. "அரிசிம்பருப்புல பருப்ப மாத்திப் போட்டுட்டியா?" என்றார். இப்போது மாதம் இரண்டு தடவை அவரே கேட்கிறார்.

தராசுக்கு அடங்காத விஷயங்களும் உண்டு. உப்பை நிறுத்துப் பார்த்தோம், ஒத்துவரவில்லை. கல்லுப்பு, தூளுப்பு, காயின் தண்ணீர் என்று தினமும் மாறுகிறது, அதை நாக்குதான் சொல்ல வேண்டும். தாளிக்கிற எண்ணெயையும் ஏழு பேர் கணக்கிலிருந்து வகுக்க முடியாது. கடுகு மூழ்கிப் பொரிய குறைந்தது ஒரு டீஸ்பூன் வேண்டும். சின்னத் தாளிப்புக் கரண்டி வாங்கியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இட்லி மாவுக்கும் ரெண்டு பேர் கணக்கு செல்லாது. எங்கள் கிரைண்டர் 2 லிட்டர். அதில் 100 கிராம் உளுந்தைப் போட்டால் கல் சுற்றிக்கொண்டே இருக்கும், உளுந்து சுவரில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். 200 கிராமாவது போட்டால்தான் பொங்கப் பொங்க ஆட்டும். ஆகவே ஞாயிறு தோறும் 200 உளுந்து, 800 இட்லி அரிசி, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டினால் மாவு சூடேறாது. இவ்வளவு மாவையும் ஒரே நாளில் புளிக்கவிட்டால் புதன்கிழமைக்குள் புளித்துத் தொலைக்கும். நாங்கள் செய்வது: ஆட்டிய உடனே பாதியை உப்புப் போடாமல் நேராக ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவோம். மீதிப் பாதி உப்புப் போட்டு வெளியே. புதன் ராத்திரி அந்த முதல் பாதியை எடுத்து உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைத்தால் வியாழன் காலை புது மாவு மாதிரியே பூ போல இட்லி. குளிர் விட்டுப் புளிக்க இரண்டு மணி நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். ஒரு சித்திரை மாத விடியலில் மேடையிலிருந்து மாவு வழிந்து, கேஸ் அடுப்பின் பர்னருக்குள் இறங்கி, அதை நான் ஹேர்பின்னால் குத்திக் குத்திச் சுத்தம் செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தேங்காய் இன்னொரு தொல்லை. ரெண்டு பேருக்கு ஒரு முழுத் தேங்காய் ஒரு நாளில் ஆகாது. கண் இருக்கிற மூடி சீக்கிரம் கெடும், அதை முதலில் எடு என்று அம்மா சொல்வாள். மற்றதை அன்றே துருவி, கால் மூடி கால் மூடியாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். கீரைக்கட்டுக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்கிறோம்.

போன தைப்பொங்கலுக்கு எங்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்தும் அப்பா அம்மா மேடவாக்கத்துக்கே வந்துவிட்டார்கள். மொத்தம் ஆறு பேர். மறுநாள் மதியம் எல்லாருக்கும் அரிசிம்பருப்பு என்று இவர் சொல்லிவிட்டார். நான் டைரியைப் பார்த்து 150-ஐ மூன்றால் பெருக்கி, 450 கிராம் அரிசி நிறுத்து வைத்தேன். அத்தை உள்ளே வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"ஆறு பேர்த்துக்கு இவ்வளவு தானா கண்ணு?"

"கணக்குப்படி சரியா இருக்கு அத்தை."

"மாமாவும் சம்பந்தியும் இந்த வயசுலயும் எப்படி உண்பாங்கன்னு உன்ற கணக்குல இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே அரிசி டின்னைத் திறந்து அள்ளிப் போட ஆரம்பித்தார். இவர் சத்தமில்லாமல் தராசைக் கிண்ணத்துக்கு அடியில் தள்ளினார். முதல் கை 48. இரண்டாவது கை 47. மூன்றாவது கை 48. நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா வாசல்படியில் நின்று, "அதான் அன்னைக்கே சொன்னேன்லாட்டி, கையைப் பாருன்னு" என்றாள். இவர் டைரியை எடுத்து, "அம்மா கை = 48" என்று எழுதிக்கொண்டார்.

அத்தைக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. அடுப்பில் இருந்த 3 லிட்டர் குக்கரைத் தூக்கிப் பார்த்து, "இத்துனூண்டு குக்கருல எப்படி வேகும்? பெரிசு இல்லையா?" என்றார்.

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினார்.